வானிலைப் பெட்டியில் கடலுக்கும் நான்கு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் மழையளவு, அணை நீர்மட்டம், தங்கம் விலை எல்லாம் நாள் தவறாமல் வருகின்றன. கடல் நிலை மட்டும் புயல் சின்னம் உருவானால்தான் அச்சேறுகிறது. செட்டிநாட்டுக்குக் கடல் எதற்கு என்று விட்டுவிட வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான் பக்கமிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் ராடும் ரீலுமாகத் தொண்டிக்கும் தனுஷ்கோடிக்கும் கிளம்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களில் பலர் வெறும் பையோடு திரும்புகிறார்கள், சிலர் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அன்றைக்கு எந்தக் கடல் தூண்டிலுக்கு உகந்தது என்று தெரியாமல் போவதுதான் இரண்டுக்கும் காரணம். கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து, அலை எவ்வளவு உயரத்தில் எத்தனை விநாடிக்கு ஒன்றாக வருகிறது, எச்சரிக்கை உண்டா என்ற நான்கு வரியைத் தினமும் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். அவை எப்படிப் பயன்படும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை குணத்தில் வேறான இரண்டு கடல்கள். தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம் எல்லாம் பாக் விரிகுடா. அதன் சராசரி ஆழமே 10 மீட்டருக்குக் குறைவு. கிழக்கே இலங்கையும் தெற்கே ராமர் பால மணல் திட்டுகளும் மறித்து நிற்பதால் பெருங்கடலின் அலை பெரும்பாலும் உள்ளே வருவதில்லை. அங்கே நாம் பார்ப்பது அன்றன்றைய காற்று கிளப்பும் சிற்றலை. தனுஷ்கோடியில் சாலைக்குத் தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. இந்தியப் பெருங்கடலின் அலை நேராக வந்து மோதுகிற கரை அது. அங்கத்து மக்கள் வடக்கைப் பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் சொல்வார்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தெற்குக் கரை கொந்தளிக்கும், வடக்குக் கரை அடங்கியிருக்கும். தொண்டியில் அப்போது காற்று நம் முதுகுக்குப் பின்னாலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் தூண்டில் நுனியில் கட்டும் 40 கிராம் ஈயமே நன்றாகப் போய் விழும். அக்டோபர் கடைசியில் வாடை எழுந்ததும் நிலைமை தலைகீழ். தொண்டிக் கரையில் தண்ணீர் சேறாகிக் கடல்தாழை என்னும் கடற்புல் குவியல் குவியலாக ஒதுங்கும். தூண்டில் நரம்பைப் போட்ட இரண்டாவது நிமிடமே தாழை சுற்றிக்கொண்டு ராடு வளையும், மீன் என்று இழுத்தால் புல் வரும். அந்த மாதங்களில் தனுஷ்கோடியின் தெற்குக் கரைதான் தூண்டிலுக்கு ஏற்றது. நாளிதழில் காற்றின் திசை ஒரு வரி இருந்தால் கிளம்பும் முன்பே இந்த முடிவை எடுத்துவிடலாம். தொண்டிக்குப் போகவேண்டியவர் ராமேசுவரம் வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டியதில்லை.

ஏற்ற இறக்கத்துக்கு வருவோம். இந்தப் பகுதியில் நீர்மட்ட வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமிகளில்கூட ஒரு மீட்டரைத் தொடுவதில்லை. அதனால் பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, அது தவறு. தொண்டி மாதிரித் தட்டையான கரையில் அரை மீட்டர் இறங்கினாலே தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும், மீனும் கூடவே போய்விடும். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும் இறங்கத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரமும்தான் கரையிலிருந்து போடுகிறவனுக்கான நேரம். நம் வீடுகளில் தொங்கும் தினசரிக் காலண்டரிலேயே இதற்குப் பாதி விடை இருக்கிறது. அமாவாசையன்று நீங்கள் போகும் இடத்தில் ஏற்றம் எத்தனை மணிக்கு நிறைகிறது என்று கரையில் இருக்கும் மீனவர் ஒருவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு நாளுக்கும் ஏறக்குறைய 50 நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டுக்கும் நடுவே 12 மணி 25 நிமிடம். அட்டமியை ஒட்டிய நாள்களில் தண்ணீர் அதிகம் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. ஆனால் பாக் விரிகுடாவில் பலத்த வாடை மூன்று நாள் விடாமல் அடித்தால் தண்ணீரைக் கரையோடு தள்ளி வைத்துவிடும், திதிக் கணக்கு அப்போது பொய்க்கும். அச்சிட்ட நேரத்தோடு காற்றையும் சேர்த்துக் கேட்பது அதனால்தான்.

அலையைப் பற்றி உயரம் மட்டும் சொன்னால் போதாது. ஒரு மீட்டர் அலை 7 விநாடிக்கு ஒன்றாக வந்தால் முழங்காலளவு நீரில் நின்று தூண்டில் போடலாம். அதே ஒரு மீட்டர் 16 விநாடிக்கு ஒன்றாக வந்தால் அது தொலைவிலிருந்து வரும் நெடும் அலை. கரையில் வந்து எழும்பி, காய்ந்த மணல் வரை ஏறி, திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். கள்ளக்கடல் என்பது இந்த வகைதான். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் வந்து சேரும். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதுதான். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயரம், இடைவெளி, கள்ளக்கடல் எச்சரிக்கை அனைத்தையும் வெளியிடுகிறது. ஏற்ற இறக்க அட்டவணையை இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் கொண்டுவருகிறது. எடுத்துப் போடுவது ஒன்றே பாக்கி.

தெற்குக் கரைக்குப் போனவர் முதலில் செய்யவேண்டியது, ராடைக் காரிலேயே வைத்துவிட்டு மேட்டு மணலில் பத்து நிமிடம் நின்று பார்ப்பது. அலை வெளியே ஒரு வரிசையில் வெண்மையாக உடையும், அங்கே மணல் திட்டு இருக்கிறது. அதற்கும் கரைக்கும் நடுவே உடையாமல் சற்றுப் பச்சை கறுத்துத் தெரியும் பட்டை பள்ளம். மீன் மேய்வது அந்தப் பள்ளத்தில். பெரும்பாலும் அது கரையிலிருந்து 15, 20 மீட்டருக்குள்ளேயே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் முழு பலத்தையும் கூட்டி 80 மீட்டருக்கு வீசுகிறார்கள், ஈயம் திட்டுக்கு அப்பால் போய் விழுகிறது, மீன் காலடியில் மேய்கிறது. திட்டில் அலை உடையாத இடைவெளி ஒன்று தெரிந்து, அதன் வழியே நுரையும் கலங்கிய மணலும் கடலை நோக்கி ஓடினால் அது இழுவை, ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். அதன் ஓரத்தில் தூண்டில் போடலாம், இரை அடித்துக்கொண்டு வருவதால் மீனும் கூடும். கால் மட்டும் நனையக் கூடாது. அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேரும் நுனியில் நீரோட்டம் கணக்குக்குள் அடங்காது, அங்கே இறங்கவே வேண்டாம். சோதனைச் சாவடியில் சொல்லும் நேரத்துக்குள் திரும்பிவிடவும் வேண்டும்.

தளவாடம் பற்றிச் சுருக்கமாக. தொண்டிக்கு 9 அடி ராடும் 40 முதல் 60 கிராம் ஈயமும் தாராளம். தெற்குக் கரைக்கு 12 அடி ராடும் 100 கிராம் ஈயமும் தேவை. ஈயம் உருண்டையாக இருந்தால் நீரோட்டத்தில் உருண்டு பக்கத்தில் நிற்பவர் நரம்பில் போய்ச் சிக்கும். கூம்பு வடிவ ஈயமோ கம்பிக் கால் வைத்ததோ மணலைப் பிடித்து நிற்கும். அதுவும் நிற்காவிட்டால் ஈயத்தைக் கூட்டுவதைவிட இடத்தை மாற்றுவது நல்லது. ரீலில் 0.35 மில்லிமீட்டர் நரம்பு போதும். ஆனால் 100 கிராமை முழு வீச்சில் எறியும்போது அந்த நரம்பு அறுந்தால் ஈயம் தோட்டா மாதிரிப் பறக்கும். ஆகவே முன்பகுதியில் 18 முதல் 20 கிலோ தாங்கும் தடித்த நரம்பை ராடு நீளத்தின் இரண்டு மடங்கும், ரீலில் ஆறு சுற்று வரும் அளவும் சேர்த்துக் கட்ட வேண்டும். 12 அடி ராடுக்கு அது ஏறக்குறைய 10 மீட்டர். பெரும்பாலானவர்கள் மிச்சம் பிடிப்பது இந்த 10 மீட்டரில்தான், விபத்து நடப்பதும் இதனால்தான்.

கட்டும் முறை: நுனியில் ஈயம், அதற்கு மேல் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் முள் கட்டும் கிளை நரம்பு இரண்டு, ஒவ்வொரு கிளையும் 15 முதல் 20 சென்டிமீட்டர். கிளைக்கு மெல்லிய துவண்ட நரம்பை எடுத்தால் அலையில் சுழன்று தாய் நரம்பிலேயே சுற்றிக்கொள்ளும், கொஞ்சம் விறைப்பானதாக எடுக்க வேண்டும்.

மீன்களில் செட்டிநாட்டுத் தூண்டில்காரருக்கு முதல் இடம் கிழங்கானுக்கு. இரண்டு கடலிலும் மணல் தரையில் கிடைக்கும். வாய் மிகச் சிறியது, புழுவையும் சிறு இறாலையும் மணலில் துழாவித் தின்னும். 6 அல்லது 8ஆம் எண் தூண்டில் முள் போதும். இறாலை ஓடு உரித்து, விரல் கணுவில் பாதி அளவே வெட்டிக் கோத்து, முள்ளின் நுனி வெளியே தெரிய விட வேண்டும். முழு இறாலைக் கோத்தால் கீச்சான் மீனும் நண்டும் கொறித்துத் தீர்த்துவிடும். நண்டு அதிகமென்றால் முள்ளுக்கு மேல் ஒரு சிறு மிதவை மணி கோத்தால் இரை தரையை விட்டு ஒரு சாண் எழும்பி நிற்கும். கிழங்கான் கடி தட், தட் என்று இரண்டு மெல்லிய தட்டு. அப்போது வெட்டி இழுக்கக் கூடாது, மூன்றாவதாக நுனி வளைந்து நிற்கும்போது மெதுவாகத் தூக்கினால் போதும்.

கலங்கல் தணியத் தொடங்கும் நாள்களில் காலாவும் கத்தாளையும் கரைக்கு நெருங்கும், அவற்றுக்கு 1/0 எண் கொண்ட பெரிய முள்ளில் முழு இறால். பாரையும் ஊளியும் தெளிந்த நீரில், விடியலிலும் பொழுது சாயும்போதும் சிறு மீனை விரட்டி வரும். ஊளிப் பல் நரம்பை அறுத்துவிடுமென்பதால் முள்ளுக்கு மேல் ஒரு சாண் கம்பி அவசியம். மடவைக்கு இறால் வைத்துக் காத்திருப்பது வீண். அது பாசியும் வண்டலும் தின்னும் மீன், மைதா உருண்டையைத் தக்கையில் தொங்கவிட்டால்தான் தொடும். சேற்றில் மேய்ந்த மடவைக்கு மண் வாடை உண்டு, குழம்புக்கு முன் வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

தாழைப் பரப்பில் ஓரா மீன் கிடைக்கும். அதன் முதுகு, வயிறு இரண்டு பக்க முள்ளிலும் விஷம். கெளுத்தி, திருக்கை முள்ளும் அப்படியே. குத்திவிட்டால் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்காமல், பொறுக்கும் அளவு சூடான நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அந்த இடத்தை மூழ்கவைத்து, பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இல்லாமல் கிளம்பாதீர்கள். தொண்டியில் நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடந்தால் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். உப்பிக்கொள்ளும் பேத்தை மீனைப் பிள்ளைகள் வேடிக்கையாக வீட்டுக்குக் கொண்டுவருவதுண்டு. அதன் விஷம் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. தூண்டில் முள்ளைக் கழற்றி மீனைக் கடலிலேயே விட வேண்டும்.

அறுந்த நரம்பைக் கரையில் விட்டு வருவது மிகப் பெரிய குற்றமென்றே நினைக்கிறோம். தஞ்சை, புதுக்கோட்டைக் கரையையொட்டிய 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாம் விட்டுவரும் நரம்பு கடற்பசு மேயும் அந்தத் தாழையில்தான் போய்ச் சிக்குகிறது.

பெட்டியைப் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்று இரண்டாகப் பிரித்துப் போட்டால்தான் பயன், ராமநாதபுரம் மாவட்டம் என்று ஒரே வரியாகப் போட்டால் குழப்பமே மிஞ்சும். வெள்ளிக்கிழமை இதழில் மூன்று நாளுக்கும் சேர்த்து வந்தால் எங்களுக்கு மட்டுமன்றி, கரையில் மீன் எடுத்துக் காரைக்குடிச் சந்தைக்குக் கொண்டுவரும் வியாபாரிகளுக்கும் உதவும். கள்ளக்கடல் எச்சரிக்கை வரும் நாளில் மட்டும் அதைப் பெட்டிக்குள் அடைக்காமல் முதல் பக்கத்தில் வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
தூண்டில்காரர்கள் சிலர்,
காரைக்குடி