மலை ரயிலுக்கு மார்கழியும் தையும்தான் சீசன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நம்ம பேப்பர்ல நீலகிரி மலை ரயில் பத்தி நியூஸ் வருதுன்னா ஒண்ணு மண் சரிஞ்சு ரயில் ரத்து, இல்லைன்னா கோடை சீசனுக்கு ஸ்பெஷல் ரயில், பெரும்பாலும் இந்த ரெண்டுதான். ஜனவரியில அது நல்லபடியா ஓடிட்டு இருக்கும்போது ஒரு வரி கூட கண்ணுல படறதில்ல. என்னைக் கேட்டா அந்த ரயில்ல போறதுக்கு அதைவிட நல்ல நேரம் வேற கிடையாதுங்க, அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

ஊட்டிக்கு டூர் வர்ற நிறைய பேர் குன்னூர்ல ஏறி ஊட்டியில இறங்கிட்டு மலை ரயில் பாத்தாச்சுங்கறாங்க. கேத்தி, லவ்டேல்னு அந்தப் பக்கமும் அழகுதான், ஆனா அங்க ஓடறது டீசல் இன்ஜின். நீராவி இன்ஜின் ஏறறது மேட்டுப்பாளையத்துலேருந்து குன்னூர் வரைக்கும், 1899ல திறந்த பழைய லைன் அது, ஊட்டி வரைக்கும் நீட்டினது 1908லதான். தயவுசெஞ்சு காலைல எந்திரிச்சு கீழேருந்து ஏறுங்க.

கல்லார் தாண்டினதும் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல்லு பல்லா ரெட்டை இரும்புப் பட்டை ஆரம்பிக்கும், இன்ஜினுக்கு அடியில இருக்கற பல்சக்கரம் அதுல கடிச்சு ஏறும், அங்கேருந்து சத்தமே மாறிடும். ரொம்ப செங்குத்தான இடத்துல கிட்டத்தட்ட பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏத்தம்ங்க, இந்தியாவுல பல்சக்கரத்துல ஏறற பயணிகள் ரயில் இது ஒண்ணுதான். இன்ஜின் பின்னாடிலேருந்துதான் தள்ளும், அதனால முன் பெட்டியோட பால்கனியில பிரேக் போடற ஊழியர், பிரேக்ஸ்மேன்னு சொல்வாங்க, கொடியைக் கையில வச்சுட்டு பாதையைப் பாத்துட்டே வருவாரு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு, நாம ஸ்வெட்டர் போட்டு உள்ள உக்காந்திருக்கோம் அவங்க அந்தப் பனிக்காத்துல வெளிய நின்னுட்டே வர்றாங்க, செல்ஃபி எடுக்கறவங்க அவங்களுக்கு ஒரு வணக்கமாவது சொல்லலாம்.

குளிர்காலம்னு நான் அடிச்சு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. வெயில் காலத்துல இன்ஜின் விடற ஆவி வெளிய வந்ததுமே கரைஞ்சிடும். தை மாசக் குளிர்ல அப்படி இல்ல, வெள்ளை வெளேர்னு திரண்டு மரத்து மேல தங்கி நிக்கும், 208 வளைவு இருக்கறதால திரும்பற இடத்துலெல்லாம் நம்ம ஜன்னல்லேருந்தே அதைப் பாக்கலாம். ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு காடு பச்சையா இருக்கும், ஓடையில தண்ணியும் ஓடிட்டு இருக்கும். ஹில்குரோவ் ஸ்டேஷன்ல இன்ஜின் தண்ணி பிடிக்க நிக்கும்போது இறங்கி சூடா ஒரு டீ குடிங்க, அந்தக் குளிருக்கு அவ்ளோ நல்லா இருக்கும். குரங்குக்கு மட்டும் பிஸ்கட் போடாதீங்க, கவரை பாதையில வீசாதீங்க. ராத்திரி ஊட்டியில தங்கினா விடியக்காலைல தலைகுந்தா பக்கம் புல்லு மேல உறைபனியும் பாத்துட்டு வரலாம்.

2005ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமா அறிவிச்ச ரயில் இது, நம்ம கோயம்புத்தூர்க்காரங்களே பாதிப் பேர் ஏறினதில்லைங்கறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள், ரயில் ரத்துன்னு போடற அதே இடத்துல திரும்ப ஓட ஆரம்பிச்ச அன்னைக்கும் நியூஸ் போடுங்க, முன்பதிவு எப்பத் திறக்குதுன்னு மார்கழி பிறக்கறதுக்கு முன்னாடியே ஒரு பெட்டிச் செய்தி வந்தா பொங்கல் லீவுக்குப் பிளான் பண்றவங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும்ங்க.

இப்படிக்கு,
கோவை வாசகர்