என் நலத்தையும் விசாரித்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

என் மனைவிக்கு அல்சைமர் நோய் என்று உறுதியானது முதல், வீட்டுக்கு வந்தவர்களும் தொலைபேசியில் அழைத்தவர்களும் அவள் நலத்தையே விசாரித்தார்கள். அது இயல்பு, அதில் எனக்கு வருத்தமில்லை. "ஐயா, நீங்கள் ராத்திரி சரியாகத் தூங்குகிறீர்களா?" என்று முதன்முதலில் கேட்டவர், டெலி மானஸ் என்ற தொலைபேசி வழி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணில் பேசிய ஆலோசகர். பெயர்கூடத் தெரியாத அவருக்கே இம்மடலின் முதல் நன்றி.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அச்சேவை நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இரவு பகலாகத் தமிழில் கிடைக்கிறது. தென்காசிப் பக்கத்துச் சிற்றூரில், மனைவியைத் தனியே விட்டுத் தெருமுனைக்குக்கூடப் போக முடியாத எனக்கு, ஆலோசனை தேடி நகரத்துக்குப் பயணப்படுவது நடவாத காரியம். கைப்பேசி வழியே வந்ததால்தான் அந்த உதவி எனக்குக் கிட்டியது.

அடுத்த நன்றி, நோயாளிகளை வீட்டில் பராமரிக்கும் எங்களைக் கைப்பேசித் திரையில் ஒன்றுகூட்டும் காணொளிக் கூடுகையை நடத்தும் உளவியலாளர் அம்மையாருக்கு. நோயாளிகள் கண்ணயரும் பிற்பகல் 3 மணியைக் கூடுகைக்குத் தேர்ந்தெடுத்ததிலேயே எங்கள் வீடுகளின் நிலையை அவர் அறிந்திருந்தது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட 'ஐசப்போர்ட்' கையேட்டின் ஐந்து பகுதிகளில் ஒன்று முழுவதும் பராமரிப்பவர் தம்மைப் பேணிக்கொள்வதைப் பற்றியது என்று சொல்லி, அதிலுள்ளவற்றை எங்கள் பேச்சுவழக்கிலேயே விளக்கினார். அந்தி சாய்ந்ததும் என் மனைவி இரண்டு புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டு, "அப்பா தேடுவார், வீட்டுக்குப் போகணும்" என்று வாசலில் வந்து நிற்பாள். அந்நேரத்தில் தோள்களைத் தளர்த்தி, இழுத்த மூச்சை மெதுவாக வெளியே விட்ட பிறகே வாய் திறக்க வேண்டும் என்றும், இதுதான் நம் வீடு என்று வாதாடாமல் "காபி குடித்துவிட்டுப் போவோமே" என்று சொல்லிப் பார்க்கலாம் என்றும் அவர் கற்றுத் தந்தார். எல்லா நாளும் அது பலிப்பதில்லை. பலிக்காத நாளிலும் என் குரல் உயராமல் இருக்கிறது. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

கூடுகையில் அறிமுகமான கோவில்பட்டிச் சகோதரி, பார்க்கின்சன் நோயுள்ள தம் தந்தையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணாச்சி, பிரஷர் மாத்திரை போட்டாச்சா?" என்று காலையில் எனக்கும் குரல்பதிவு அனுப்புகிறார். நான் தள்ளிப்போட்டு வந்த கண்புரை அறுவை சிகிச்சையைச் செய்துகொள்ள வைத்ததும் அவர்தான். என் மனைவியைக் குளிப்பாட்டுவது, புரையேறாமல் நிமிர்த்தி உட்காரவைத்துச் சோறூட்டுவது ஆகியவற்றை என் தங்கை மகளுக்குக் காணொளி அழைப்பிலேயே பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். தங்கை மகள் வந்து தங்கினாள்; நான் நிம்மதியாக மருத்துவமனைக்குப் போனேன். தொலைவிலிருந்து கிடைக்கும் ஆதரவு, வீட்டில் மாற்றுக்கு உட்காரும் ஓர் ஆளுக்கு ஈடாகாது என்பதே என் கருத்து. ஆனால் அப்படி ஓர் ஆளை நம்பி உட்காரவைக்கும் துணிவை எனக்குத் தந்தது அந்தத் தொலைவு ஆதரவுதான். ஆகவே தங்கை மகளுக்கும் என் நன்றி உரியது.

சிங்கப்பூரிலிருக்கும் என் மகள், "தைரியமாக இருங்கள் அப்பா" என்பதோடு நிறுத்தாமல், மாத்திரை வாங்கும் பொறுப்பையும் மருத்துவரிடம் நேரம் பெறும் பொறுப்பையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். ஞாயிறு மாலைகளில் திரையில் அமர்ந்து அம்மாவுடன் பழைய பாட்டுகளைப் பாடுகிறாள். பக்கத்து வீட்டு அக்கா துணையிருக்க, அந்நேரம் நான் குளக்கரை வரை நடந்துவிட்டு வருகிறேன்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் அல்சைமர் உள்ளிட்ட டிமென்ஷியா எனும் மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களில் எத்தனை பேரிடம் யாராவது தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்? கூடுகையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சங்கரன்கோவில் அன்பருடன் வாரந்தோறும் பேசும் பொறுப்பை எனக்குத் தருமாறு அம்மையாரை இம்மடல் வழியே கேட்டுக்கொள்கிறேன். பிற்பகல் எந்த நாளும் எனக்குத் தோதுப்படும்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்