கயலுக்கு, பால்வாடியிலிருந்து அம்மா எழுதுவது

அன்புள்ள கயல்,

நாங்கள் எல்லோரும் நலம். போனில் நீ எப்போதும் அவசரத்தில் இருக்கிறாய், எனக்கும் மையத்தில் பிள்ளைகள் சத்தம். அதனால்தான் எழுதுகிறேன்.

2022 முதல் எம்பிபிஎஸ் படிப்பவர்களுக்கு உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ள ஆளுக்குச் சில கிராமத்துக் குடும்பங்களை ஒப்படைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அது பாடம். ஆனால் பாடத்துக்குப் போவது போக, ஞாயிற்றுக்கிழமையும் நீயும் தோழிகளும் பஸ் ஏறி அதே ஊருக்குப் போய்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றாயே, அதைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். இத்தனை வருடமாக நான் பார்க்கும் வேலையில் என் மகளும் கை வைத்திருக்கிறாள்.

நீ அனுப்பிய படத்தில் உங்கள் சார்ட்டைப் பார்த்தேன். ஆப்பிள், மாதுளை, பாதாம், பன்னீர். எல்லாம் சத்துதான், ஆனால் தருமபுரிப் பக்கம் செங்கல் சூளைக்கும் பெங்களூர் கட்டட வேலைக்கும் போகிற வீட்டில் பாதாம் எப்படி வரும்? நீ போயிருப்பது களி தின்கிற ஊர். ராகியில் பாலைவிடக் கால்சியம் அதிகம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. களிக்கு அவரைக்கொட்டைக் குழம்பு, முருங்கைக்கீரை, கூடவே ஒரு கொய்யாப்பழம். இதை வரைந்து எடுத்துப் போங்கள்.

அதற்கும் முன்னால் இரண்டு கேள்வி கேள். இன்றைக்கு வீட்டில் என்ன வெந்தது? கடைசியாகச் சாப்பிட்டது யார்? பெரும்பாலும் மருமகள்தான் கடைசி. அவள் உட்காரும்போது குழம்பில் கொட்டை இருக்காது, முட்டை ஆம்பிளைகள் தட்டுக்குப் போயிருக்கும். அவளிடம் போய் 'நல்லாச் சாப்பிடும்மா' என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? கரண்டி மாமியார் கையில் இருக்கிறது. அந்த ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து, 'பேரப்பிள்ளை நல்ல எடையோடு பிறக்கணும்னா இவளுக்கு முதல்ல ஒரு கரண்டி எடுத்து வைங்க ஆயா' என்று சொல். மருமகளுக்குச் சொன்னதைவிட இது வேலை செய்யும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகத்தான் கொடுக்கிறோம், ஆனால் அது டப்பாவிலேயே கிடக்கிறது. குமட்டுகிறது என்பார்கள், மலம் கறுப்பாகப் போகிறது என்று பயப்படுவார்கள், பிள்ளை பெருத்துப்போய் ஆபரேஷன் ஆகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 'சாப்பிடுறீங்களா' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். 'ஒத்துக்குதா' என்று கேள், அப்போது உண்மை வரும். கறுப்பாகப் போவது கெடுதல் இல்லை என்று சொல். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கும் முன் போட்டால் குமட்டல் குறையும். டீயோடு வேண்டாம், கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து வேண்டாம். சாப்பாட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக ஒட்டும்.

அப்புறம் ஆறு மாதம் முடிந்த குழந்தைகள். பருப்புத் தண்ணீர் கொடுக்கிறேன் என்று பெருமையாகச் சொல்வார்கள். தண்ணீரில் என்ன இருக்கிறது? பருப்பை மசித்து, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில், ஒரு சொட்டு எண்ணெயோ நெய்யோ விட்டு ஊட்டச் சொல். டீயில் நனைத்த பிஸ்கட்டை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

எடை பார்க்கத் தயங்கினால் கோபப்படாதே. கண்ணு பட்டுடும் என்ற பயம் நம் ஊரிலும் இருக்கிறது. எல்லோர் முன்னிலையிலும் 'உங்க பிள்ளை எடை கம்மி' என்று சொன்னால் அந்தத் தாய் அடுத்த முறை கதவைத் திறக்க மாட்டாள். தனியாகச் சொல். பிள்ளையின் மேல்கையைச் சுற்றி அளக்கும் நாடாவில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் மட்டும் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடு.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோது ஊர்ப் பணியாளராக எப்படிப்பட்ட பெண்களைத் தேடினார்கள் தெரியுமா? அதே ஊர்க்காரியாக, ஏழையாக இருக்க வேண்டும், ஆனால் அவள் பிள்ளை தேறி வளர்ந்திருக்க வேண்டும். இந்த யோசனையை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது. அதே கூலியில், அதே ரேஷன் அரிசியில் ஒருத்தி பிள்ளையை வளர்த்துக் காட்டியிருக்கிறாள் என்றால், அவள் பேச்சுக்குப் பக்கத்து வீட்டுக்காரி மறுபேச்சுப் பேச முடியாது. நீங்கள் ஐந்தாறு வருடத்தில் கிளம்பிவிடுவீர்கள், அவள் அங்கேயே இருப்பாள். உங்கள் ஊரிலும் அப்படி ஒருத்தி நிச்சயம் இருக்கிறாள். அந்த ஊர் அங்கன்வாடி டீச்சரைக் கேள், யார் என்று உடனே சொல்வார். அடுத்த கூட்டத்தில் சார்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அவளைப் பேசவிடு. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவில் அடை, கொழுக்கட்டை செய்வதை அவளே செய்து காட்டட்டும். வீட்டுக்குக் கொடுக்கும் மாவு பல வீடுகளில் மாட்டுத் தொட்டிக்குப் போவதே அதை எப்படிச் செய்வது என்று தெரியாததால்தான்.

நீ சொன்ன ஏழு மாதக் கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 8.4தான் என்றாயே, அது குறைவு, அதை விட்டுவிடாதே. மாத்திரையில் ஏறவில்லை என்றால் ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்ற வழி இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் நேரில் சொல், அவர்தான் அவளை டாக்டரிடம் அழைத்துப் போவார். அடுத்த முறை எவ்வளவு வந்தது என்று எனக்குச் சொல்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணு.

அன்புடன்,
அம்மா