செயலாளரின் ஆண்டறிக்கை: அம்புவாஸ் போய் வந்த ஆண்டு

தலைவர், நிர்வாகக் குழுவினர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு இந்த ஆண்டு மாதந்தோறும் தவறாமல் கூடியது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனக்குத் தந்த நேரத்தை அம்புவாஸ் பயணத்துக்கே எடுத்துக்கொள்கிறேன். வர முடியாதவர்கள் பலர் அதைப் பற்றி விவரமாகச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள்.

பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் உள்ள ஊர் அம்புவாஸ். நாம் பார்க்கப் போனது அங்குள்ள குளோ லூசே மாளிகை. லியொனார்டோ டா வின்சி தன் கடைசி மூன்று ஆண்டுகளைக் கழித்து, 1519 மே 2 அன்று கண்மூடிய வீடு. எல்லோரும் அவருக்காகத்தான் போகிறார்கள், நாமும் அப்படித்தான் போனோம். ஆனால் திரும்பும்போது பேருந்தில் பேச்செல்லாம் அந்த வீட்டைப் பற்றித்தான்.

அதைக் கட்டியவர் எத்தியென் லெ லூ. சமையலறையில் எடுபிடிப் பையனாக இருந்து, பதினோராம் லூயி மன்னரின் நம்பிக்கையைப் பெற்றுப் பெரிய பதவிக்கு உயர்ந்தவர். 1471-இல் இந்த வீட்டை எழுப்பினார். இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போர் முடிந்து அப்போது 18 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கையில் காசு வந்துவிட்டது, மனதில் பயம் போகவில்லை. அதனால் வீட்டைச் சுற்றி மதில் எழுப்பி, காவல் மாடமும் வைத்தார். காவலர்கள் சுற்றி வந்த அந்த நடைபாதை இன்றும் இருக்கிறது. உள்ளே நுழைகிறவர்கள் முதலில் அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும். கோட்டைக்குள் போகிறோம் என்ற எண்ணத்தோடு நடந்தால், அந்தப் பக்கம் ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு. அந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இரண்டு கட்டடங்கள் செங்கோணத்தில் சேர்கின்றன. சேருமிடத்தில் எட்டுப் பட்டைக் கோபுரம், அதற்குள் சுழல் படிக்கட்டு. சுவர்கள் இளஞ்சிவப்புச் செங்கல். மூலைகளுக்கும் ஜன்னல் ஓரங்களுக்கும் மட்டும் வெள்ளைக் கல். தூஃபோ என்று அந்தப் பக்கத்தில் சொல்லும் சுண்ணாம்புக் கல் அது. வெட்டி எடுக்கும்போது ஈரமாக, ரம்பத்தால் அறுக்கும் அளவுக்கு மென்மையாக இருக்குமாம். காற்றுப் பட்டுத்தான் இறுகும். லுவார் கரை மாளிகைகளில் அத்தனை நுணுக்கமான சிற்ப வேலை செய்ய முடிந்ததற்கு இந்தக் கல்லும் ஒரு காரணம். நம் உறுப்பினரான அக்கா ஒருவர் ஜன்னல் ஓரத்தைத் தடவிவிட்டு விரலைக் காட்டினார். அரிசி மாவு ஒட்டினாற்போல் வெள்ளைத் தூள். அவ்வளவு மென்மையான கல் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறது.

1490-இல் எட்டாம் சார்ல் மன்னர் 3500 பொற்காசுகளுக்கு வீட்டை வாங்கினார். இறந்துபோன குழந்தைகளை நினைத்து அழ, அரசி ஆனுக்கு ஒரு சிறு ஜெபக்கூடம் கட்டிக் கொடுத்தார். அந்த அறையில் நம் பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை. அப்புறம் 1516-இல் முதலாம் பிரான்சுவா மன்னரின் அழைப்பில் லியொனார்டோ வந்தார். மோனா லிசா ஓவியமும் அவரோடு வந்தது.

சமையலறையில்தான் எல்லோரும் அதிக நேரம் நின்றோம். பெரிய கணப்பு. லியொனார்டோவுக்குச் சமைத்தவர் மத்துரீன் என்ற பெண். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் லியொனார்டோ எழுதிய உயிலில் அந்தப் பெண்ணுக்கு உரோமம் வைத்துத் தைத்த நல்ல கறுப்புத் துணி மேலங்கியும் இரண்டு பொற்காசுகளும் எழுதி வைத்திருக்கிறார். சமையலறையிலிருந்து உயர்ந்தவர் கட்டிய வீட்டில் சமையல்காரிக்கு இந்த மரியாதை கிடைத்ததைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

1855 முதல் வீடு ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. 1954-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். ஏற்பாடு செய்த பேருந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. அதனால் புறாக்கூண்டுக் கோபுரத்தை ஓடி ஓடித்தான் பார்த்தோம். எனக்கு அது பெரிய வருத்தம். அந்தக் காலத்தில் புறாக்கூண்டு வைப்பது பிரபுக்களின் உரிமை. விதைத்த தானியத்தைப் புறாக்கள் தின்றாலும் குடியானவர் கை வைக்க முடியாது. 1789 ஆகஸ்டில் பிரெஞ்சுப் புரட்சி ஒழித்த உரிமைகளில் அதுவும் ஒன்று. பிள்ளைகளுக்கு இதை அங்கேயே நின்று விளக்க ஆசைப்பட்டேன், நேரம் கிடைக்கவில்லை. இன்னொன்று, சுழல் படிகளில் ஏற முடியாமல் மூத்த உறுப்பினர்கள் இருவர் கீழேயே உட்கார்ந்திருந்தார்கள். முன்கூட்டியே விசாரிக்காதது என் தவறு. அவர்களிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

விடியற்காலை எழுந்து எல்லோருக்கும் புளிச்சாதம் கட்டித் தந்த சகோதரிகளுக்கும், தொடர்ந்து சந்தா செலுத்திவரும் உறுப்பினர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுப் பயணம் காலை 6 மணிக்கே புறப்பட வேண்டும் என்றும், மூத்தவர்கள் படியேறாமல் பார்க்கக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் நிர்வாகக் குழு முன்மொழிகிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். பிள்ளைகள் வரைந்த காவல் மாடப் படங்கள் பின்வரிசை மேசையில் இருக்கின்றன. கலைவதற்கு முன் அவற்றைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்