கடைசிக் காலம் பிரசங்கிக்கும் போதகர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள பாஸ்டர் ஐயாமாருக்கு, ஸ்தோத்திரம்.

எட்டு வயதில், ஒரு கன்வென்ஷனில், பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தில் வரும் மிருகத்தின் எண்ணான 666 பற்றிய பிரசங்கம் கேட்டு, அன்றிரவு அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டே தூங்கியவன் நான். அப்போது அந்த எண் பார்கோடில் இருந்தது. அப்புறம் கம்ப்யூட்டர் சிப்புக்குப் போனது. கொரோனா வந்ததும் தடுப்பூசிக்குள் புகுந்தது. எனக்குப் பயம் தெளிந்துவிட்டது. ஆனால் உங்கள் கூட்டங்களில் இன்னும் எட்டு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெளிப்படுத்தின விசேஷம் ஒரு கடிதமும்தான். எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்று சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுடைய விலாசம் அதிலேயே இருக்கிறது. புத்தியுள்ளவன் கணக்குப் பார்க்கட்டும் என்று யோவான் சொன்னது அவர்களிடம். அவர்களால் போட முடியாத கணக்கையா கொடுத்திருப்பார்?

எபிரெயத்தில் எழுத்துகளே எண்களும். ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை அதில் ‘நீரோன் கேசர்’ என்று எழுதுங்கள்: நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200. கூட்டிப் பாருங்கள். சில பழைய பிரதிகளில் 616 என்று இருக்கிறது. எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த பாப்பிரஸ் துண்டிலும் அப்படித்தான். இலத்தீனில் சொல்வதுபோல ‘நீரோ’ என்று எழுதினால் கடைசி நூன் விழும், 50 குறையும். இரண்டு எண்ணுக்கும் ஒரே ஆள் பொருந்துவது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. கிரேக்கம் பேசிய சபைகளுக்கு எபிரெயக் கணக்கா என்று கேட்பீர்கள். அபெத்தோன், அர்மகெதோன் என்ற பெயர்களை எபிரெயம் என்று சொல்லியே தருகிறதே அதே புத்தகம்! நீரோ 68இல் செத்தான். திரும்பி வருவான் என்ற வதந்தி மட்டும் சாகவில்லை. சாவுக்கேதுவான காயம் சொஸ்தமான மிருகம் என்று வாசித்ததும் அந்தச் சபையாருக்கு யார் ஞாபகம் வந்திருக்கும்?

தரிசனங்களாலும் அடையாளங்களாலும் பேசும் இந்த வகை எழுத்து அன்று நிறைய இருந்தது. யூதாவின் நிருபம் மேற்கோள் காட்டும் ஏனோக்கு புத்தகம் அதில் ஒன்று. கி.பி. 70இல் ரோமர் எருசலேம் ஆலயத்தை இடித்தபிறகு எஸ்றாவின் பெயரில் வந்த புத்தகத்தில் ரோம் ஒரு கழுகு. வெளிப்படுத்தின விசேஷத்துக்கு மூத்த உறவு தானியேல். கி.மு. 167இல் சிரியாவை ஆண்ட கிரேக்க ராஜா அந்தியோக்கு எப்பிபானேஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான், விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் தடை செய்தான். தானியேல் 11ஆம் அதிகாரம் அவன் காலம் வரை அச்சொட்டாகப் போகிறது. அவன் முடிவைச் சொல்லும்போது பிசகுகிறது: பரிசுத்த பர்வதத்தண்டையில் கூடாரம் போட்டு முடிவடைவான் என்கிறது, அவன் செத்ததோ பெர்சியாவில். அந்த நெருக்கடியின் நடுவிலேயே அது எழுதப்பட்டது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்வது இதனால்தான். நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றில்லை. ஆனால் ‘இந்த ராஜாவுக்கும் முடிவு உண்டு’ என்று நசுங்கிக் கிடந்தவர்களுக்குத் தைரியம் சொன்ன எழுத்தை, பிள்ளைகளைப் பயமுறுத்த எடுப்பது எந்த நியாயம்?

தானியேலிடம் புத்தகத்தை முத்திரைபோடு என்றார்கள். யோவானிடமோ முத்திரைபோட வேண்டாம், காலம் சமீபம் என்றார்கள். அன்றைய வாசகர்களுக்கே எழுதினார் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

அடுத்த முறை 13ஆம் அதிகாரம் எடுக்கும்போது, பலகையில் அந்த ஏழு எழுத்துகளையும் எழுதி, முன்வரிசைப் பிள்ளைகளைக் கூட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியர்