பதில் எழுதவைத்தவர்களுக்கு

ஸ்காபரோவில் எங்கள் தெருவில் வாழும் அயலவர்களுக்கும், ஊர்ச் சங்கத்து உறவுகளுக்கும், தொழிற்சாலையில் என்னோடு பெட்டி கட்டும் தோழிகளுக்கும் வணக்கம்.

என்மீது போடப்பட்டிருந்த கடன் வழக்கு சென்ற மாதம் முடிந்துவிட்டது. கோவிலிலும் கடையிலும் என்னைக் காணும்போது, கேட்பதா விடுவதா என்று உங்களில் பலர் தடுமாறுவதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நானே சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கியது உண்மை. வழக்கு வந்ததும் உண்மை. என்னைப் பிடித்து உள்ளே போடப் போகிறார்கள் என்று சிலர் பரப்பிய கதை மட்டும் பொய்.

இந்த மடல் அந்த வழக்கில் எனக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல. எதற்கு நன்றி என்று தெரிய வேண்டுமானால் நடந்ததைக் கொஞ்சமாவது சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் அடுத்த சம்பளம் வரைக்குமான சிறு கடன் கொடுக்கும் ஒரு பேடே லோன் கடையில் 600 டொலர் எடுத்தேன். அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைக்கு யாழ்ப்பாணத்துக்குக் காசு அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் கிழமை பார்த்துத் தொழிற்சாலையில் வேலை நேரத்தை வெட்டிவிட்டார்கள். அப்போது எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் நூறு டொலருக்கு 15 டொலர் வரை கட்டணம் வாங்கலாம். ஆக, அடுத்த சம்பளத்தில் 690 டொலர் திருப்பிக் கொடுக்க வேண்டும். நூறுக்குப் பதினைந்து என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும். இரண்டு கிழமைக் கடனுக்கு அதை ஆண்டு வட்டியாகப் பெருக்கிப் பார்த்தால் 391 வீதம். 2025 ஜனவரியிலிருந்து அந்தக் கட்டணத்தை கனடா முழுவதும் 14 டொலருக்கு மேல் போகக்கூடாது என்று ஆக்கியிருக்கிறார்கள். ஒரு டொலர் இறங்கியிருக்கிறது, வாழ்க!

வெட்டிய வேலை நேரம் திரும்ப வரவில்லை. அடுத்த பெப்ரவரி முடிவதற்குள் 300 டொலர் வரை சிறுகச் சிறுகக் கட்டினேன், அதற்கு மேல் முடியவில்லை. பிறகு அந்தக் கடனை வேறொரு நிறுவனம் விலைக்கு வாங்கிக்கொண்டது. 2024 டிசம்பரில் அவர்கள், சிறிய தொகை வழக்குகளைப் பார்க்கும் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் கேட்ட தொகை இரண்டாயிரம் டொலருக்கும் மேல்.

முதல் நன்றி மாமிக்கு. வழக்குத் தாள் வந்தபோது வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். இங்கே வழக்காளியின் தாளை எதிராளியின் கையிலேயே கொடுக்க வேண்டும் என்பதில்லை; அதே வீட்டில் வாழும் வயது வந்த ஒருவரிடம் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, இன்னொரு பிரதியைத் தபாலில் அனுப்பினாலும் செல்லும். மாமிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் மேலே அரச முத்திரை இருப்பதைக் கண்டவர், தள்ளுபடி விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போடாமல், சாமி அறையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். விபூதி படிந்த உறையைத்தான் நான் பிரித்தேன். அன்று இரவு அதைத் திரும்பவும் பிள்ளையாரிடமே ஒப்படைத்துவிட்டுப் படுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

மேல்வீட்டு அக்காவின் மகளுக்கு அடுத்த நன்றி. அவள் படிப்பது தாதியியல், சட்டம் அல்ல. ஆனாலும் தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த முதல் ஆள் அவள்தான். "அன்ரி, இதில் காசு கட்டச் சொல்லியிருப்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறீர்கள். இருபது நாளுக்குள் பதில் போடச் சொல்லியும் இருக்கிறது" என்றாள். அந்த வசனம் தடித்த எழுத்தில் இருந்தும் எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. நத்தார் விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. கலண்டரை மேசையில் விரித்து, தபாலில் போட்ட நாளிலிருந்து ஐந்தாம் நாளில்தான் தாள் சேர்ந்ததாகக் கணக்கு, அங்கிருந்துதான் இருபது நாள் ஓடும் என்று நீதிமன்ற விதியைப் பார்த்து எண்ணிச் சொன்னாள். அந்த ஐந்து நாள் எனக்குக் கிடைத்த அவகாசம்.

பதில் போடாவிட்டால் என்ன ஆகும் என்று இலவசத் தொலைபேசி ஆலோசனையில் கேட்டேன். புரோ போனோ ஒன்ராறியோ அமைப்பு நடத்தும் சேவை அது. சட்டத்தரணி ஒருவரோடு அரை மணி நேரம் வரை பேசலாம். குரலை மட்டும் கேட்ட அந்த அம்மணிக்கு என் நன்றி எப்படிப் போய்ச் சேரும் என்று தெரியவில்லை. அவர் சொன்னது இதுதான்: இப்படிக் கணக்குக் காட்டிக் கேட்கும் கடன் வழக்கில் எதிராளி பேசாமல் இருந்தால், நீதிபதி முன்னால் போக வேண்டிய தேவையே இல்லை. நீதிமன்ற அலுவலரே தீர்ப்பில் கையெழுத்துப் போடலாம். கேட்ட தொகை சரியா பிழையா என்று யாரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு சம்பளத்தில் பிடிக்கலாம். அங்கேயும் கை நினைத்தபடி நீளாது. வெட்டுகள் போக மிஞ்சும் சம்பளத்தில் 20 வீதத்துக்கு மேல் சாதாரணக் கடனுக்காகப் பிடிக்க முடியாது. கடனுக்காகச் சிறை இல்லை. தனியார் கடன் ஒன்றைக் கட்டவில்லை என்பதற்காக நிரந்தர வதிவிட உரிமையும் போகாது. இந்தக் கடைசி இரண்டையும் மாமிக்குச் சொன்ன பிறகுதான் அவர் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினார்.

சீட்டுப் பிடிக்கும் அக்காவுக்கு நான் சொல்லும் நன்றியை அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். இரண்டாயிரம் டொலரை முழுதாகக் கட்டித் தொலைத்துவிடுவோம் என்று அவரிடம் போய் நின்றேன். இருந்த காசைத் தர மறுத்துவிட்டார். "உண்மையில் எவ்வளவு கடன் என்று பார்த்துக்கொண்டு வா. அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு" என்றார். அன்று கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். கேட்டவுடன் காசை எடுத்து நீட்டியிருந்தால் அது கருணையாகத் தோன்றியிருக்கும், ஆயிரத்துச் சொச்சம் டொலர் வீணாகவும் போயிருக்கும்.

அந்தக் கணக்கைப் போட்டவர் சமூகச் சட்ட உதவி நிலையம் ஒன்று காட்டிவிட்ட தம்பி. பராலீகலாக, அதாவது சட்டத்தரணி அல்லாத சட்டப் பணியாளராக, உரிமம் பெற்றவர். ஒன்ராறியோவில் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் அவர்களே வாதாடலாம், சட்டத்தரணிதான் வேண்டும் என்பதில்லை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் சமையலறை மேசையில், மாமி வைத்த தேத்தண்ணீர் ஆறிப்போக, வழக்குத் தாளில் இருந்த ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் பென்சிலால் எழுதிக்கொண்டே போனார். 690 சரி. திரும்பி வந்த கொடுப்பனவுக்கு, நான் கடன் எடுத்த காலத்து விதிப்படி 25 டொலர் ஒரு தடவை வாங்கலாம், சரி. கட்டாமல் விட்ட பேடே லோனுக்கு ஒன்ராறியோவில் மாதம் இரண்டரை வீதத்துக்கு மேல் வட்டி இல்லை, வட்டிக்கு வட்டியும் இல்லை. 690க்கு அது மாதம் 17 டொலர் 25 சதம். அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். வழக்குத் தாளில் இருந்த வட்டியோ குட்டி போட்டுப் பேரப்பிள்ளையும் கண்டிருந்தது. "கோப்புக் கட்டணம்", "நிர்வாகச் செலவு", "அறவிடும் செலவு" என்று இருந்த மூன்று வரிகளையும் ஒரே கோட்டால் வெட்டினார். நான் கட்டிய 300 டொலர் எங்கேயும் இல்லை. எல்லாம் கூட்டிக் கழித்தபோது ஏறக்குறைய 670 வந்தது.

எனக்கு அந்த நேரத்தில் ஒரு குறுக்கு யோசனையும் வந்தது. கடன் இரண்டு வருடத்தில் காலாவதியாகிவிடும், பேசாமல் விடு என்று ஒருவர் சொல்லியிருந்தார். தம்பி அது சரிவராது என்று தலையாட்டினார். ஒன்ராறியோவில் இரண்டு வருட வரம்பு உண்மைதான். ஆனால் இடையில் பகுதிப் பணம் கட்டினால், அல்லது கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால், கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். நான் கடைசியாகக் கட்டியது 2023 பெப்ரவரியில். வழக்குப் போட்டது 2024 டிசம்பரில். கடனை வாங்கிய நிறுவனம் அந்தத் திகதியை நன்றாகவே அறிந்து வைத்திருந்தது. நான் கட்டிய 300 டொலர்தான் அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை.

பதில் போடும் படிவத்துக்கு 9ஏ என்று பெயர். அதில் மூன்று பெட்டிகள்: முழுவதையும் மறுக்கிறேன், முழுவதையும் ஒப்புக்கொள்கிறேன், ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் அடையாளமிட்டது மூன்றாவதை. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று எழுத இடமும் அதே படிவத்தில் இருக்கிறது. எழுதிவிட்டால், அந்தத் தவணை போதாது என்று வழக்காளி இருபது நாளுக்குள் முறையிட வேண்டும். முறையிடாவிட்டால் ஒப்புக்கொண்ட பகுதிக்கு அந்தத் தவணையே நீதிமன்ற உத்தரவுபோல நடக்கும். இப்படி ஒரு வழி அரசாங்கப் படிவத்திலேயே அச்சடித்துக் கிடக்கும்போது, எத்தனை வீடுகளில் அந்த உறை பிரிக்கப்படாமல் கிடக்கிறதோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

தொழிற்சாலைச் சம்பளப் பிரிவில் இருக்கும் பிலிப்பீன் தோழி, நான் கேட்ட சம்பளத் துண்டுகளை அடுத்த நாளே எடுத்துத் தந்தாள், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பெட்டி கட்டும் வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் தோழிக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கடன் அறவிடுபவர்கள் ஓயாமல் தொலைபேசி எடுத்த காலத்தில், ஏழு நாளில் மூன்று தடவைக்கு மேல் தொடர்புகொள்ளக்கூடாது, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எடுக்கக்கூடாது என்றெல்லாம் இங்கே சட்டம் இருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னது நீதான். ஒரு கொப்பியில் திகதியும் நேரமும் எழுதி வைக்கச் சொன்னாய். அந்தக் கொப்பியைத் தம்பி ஆதாரங்களோடு சேர்த்தார்.

வழக்காளியும் எதிராளியும் விசாரணைக்கு முன் உட்கார்ந்து பேசும் சமரசக் கூட்டம் இங்கே கட்டாயம். அதற்குப் பதினான்கு நாள் முன்பே ஆவணங்களை மற்றத் தரப்புக்குக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் கூட்டம் காணொளியில் நடந்தது. துணை நீதிபதி ஒருவர் தலைமை தாங்கினார். நான் பயந்த அளவுக்கு அவர் குரலை உயர்த்தவில்லை. அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும் என்பதால் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதமாட்டேன். அன்றே இரு தரப்பும் கையெழுத்திட்டோம், விசாரணை வரை போகவில்லை. இரண்டாயிரத்துக்குக் கிட்டவும் இல்லாத ஒரு தொகையை மாதத் தவணையாகக் கட்டுகிறேன். சீட்டு அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தயாராக இருந்தார், இதுவரை தேவைப்படவில்லை.

ஊர்ச் சங்கத்துத் தலைவருக்கும் நன்றி. வருகிற கூட்டத்தில் அந்தத் தம்பியை அழைத்து ஒரு மணி நேரம் பேசவைக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். கடன் இருப்பவர்கள்தான் வர வேண்டும் என்று அறிவிக்காதீர்கள் என்று கேட்டிருக்கிறேன். அப்படிச் சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள். வருமான வரி பற்றிய கூட்டம் என்று போட்டால் மண்டபம் நிறையும்.

வழக்கு நடந்த மாதங்களில் என்னைக் கண்டும் காணாமல் போனவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அவர்கள் இந்த மடலில் இல்லை.

கடைசியாக, மேல்வீட்டுப் பிள்ளைக்கு. நூலகத்தில் அந்தப் பக்கங்களை எல்லாம் அச்செடுத்த காசை நீ இன்னும் என்னிடம் வாங்கவில்லை. பரீட்சை என்று சாட்டுச் சொல்லாமல் சனிக்கிழமை கீழே இறங்கி வா. காசு எடுத்து வைத்திருக்கிறேன், மாமி உனக்கென்று பால்ரொட்டியும் சுடப் போகிறார்.

அன்புடன்,
நிலக்கீழ் வீட்டு அன்ரி