படத்தோடு குறிப்பும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் 'சேர்வராயன் மலைக்கு வந்த அரிய விருந்தாளி' என்று ரோஸ்ஃபிஞ்ச் என்ற குருவியின் படம் போட்டிருந்தீர்கள். ஏற்காட்டுப் பறவைக்கு அரைப் பக்கம் கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் மிகுந்த சந்தோஷம். ஆனால் எந்தத் தேதி, மலையில் எந்தப் பகுதி, எத்தனை குருவிகள் என்று ஒரு வரிகூட இல்லை. இடம் 'சேலம்' என்று மட்டும் இருக்கிறது. சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இமயமலையிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வரும் பறவை மலையடிவாரக் கன்னங்குறிச்சியில் இருந்ததா, மலைமேல் நாகலூர் காபித் தோட்டத்தில் இருந்ததா என்பதுதானே முக்கியம்?

ரோஸ்ஃபிஞ்ச்சில் சிவந்த ஆண் பறவையை அடையாளம் காண்பது சுலபம். சிவப்புச் சில்லையோடு குழப்புகிறவர்கள் உண்டு. சில்லை மிகச் சிறியது, உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். கஷ்டம் பழுப்புக் குருவிகளிடம்தான். பெண் மட்டுமல்ல, முதல் வருட ஆணும் பழுப்புதான். பெண் சிட்டுக்குருவி, தூக்கணாங்குருவி என்று எண்ணி இவற்றை விட்டுவிடுகிறோம். அந்த இரண்டுக்கும் கண்ணுக்கு மேல் வெளிர்ப் பட்டை ஓடும். ரோஸ்ஃபிஞ்ச்சுக்குக் கிடையாது, பட்டையில்லாத முகத்தில் கருமணிக் கண் எடுப்பாகத் தெரியும். மார்பில் மங்கலான கோடுகள் உண்டு, சிட்டுக்குருவிக்கு இல்லை. இறக்கையில் இரண்டு வெளிர்க் கோடுகள், வால் நுனியில் சிறு பிளவு. வேலியோர உண்ணிச்செடியில் உட்கார்ந்துவிட்டால் தடித்த அலகால் அசைபோடுவதுபோல் நிதானமாகத் தின்னும். நாம் நெருங்காமல் நின்றால் இவ்வளவையும் பார்க்க நேரம் கிடைக்கும்.

பார்த்ததை அங்கேயே நோட்டில் எழுதிவிட்டுப் பிறகுதான் பறவைக் கையேட்டைத் திறக்க வேண்டும். புத்தகப் படத்தைப் பார்த்துவிட்டால், பார்க்காத கோடுகளையும் பார்த்ததாக மனசு சொல்லும். படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. பக்கவாட்டில் ஒன்று, வால் தெரிய ஒன்று எடுங்கள், பறவை குரல் கொடுத்தால் செல்போனில் பதியுங்கள். நிறத்தை மட்டும் கூட்டாதீர்கள். மாலை வெயிலே பழுப்பைச் செம்மையாகக் காட்டும்; அதற்குமேல் கணினியிலும் நிறத்தைக் கூட்டினால் அந்தப் படத்தை எதற்கும் சாட்சியாக வைக்க முடியாது. அரிய பறவையை ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்தால் சரிபார்க்கும் தன்னார்வலர்கள் விவரம் கேட்பார்கள். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். கேட்க வேண்டியது அவர்கள் கடமை, நமக்கும் அதுதான் நல்லது.

2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நெருங்குகிறது. இனி பறவைப் படம் போடும்போது தேதி, இடம், உயரம், எண்ணிக்கை ஆகியவற்றைக் கீழே சேர்த்து அச்சிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் படத்தை எடுத்தவரிடமும் இந்த விவரங்களைக் கேட்டு, சின்னக் குறிப்பாகவாவது வரும் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்